வீட்டுக்காரர் பெயரில் ஒரு லெம்மா

என் கட்டுரையை ஏற்றுக்கொண்ட வெளிநாட்டுக் கணித இதழ் என் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் இணையதளத்தில் பெயருக்கு இரண்டு கட்டம் வைத்திருந்தார்கள். முதல் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். இரண்டாவது, சர்நேமுக்கு. நமக்கு ஏது சர்நேம்? இனிஷியல்தான் உண்டு. அந்த ஒற்றை எழுத்தைப் போட்டேன். ஓரெழுத்து செல்லாது, முழுதாக எழுது என்று சிவப்பில் திட்டியது. என் இனிஷியலை முழுதாக எழுதினால் வருவது என் கணவரின் பெயர். எழுதிவிட்டேன். பாஸ்போர்ட்டில்கூட நம் பெண்கள் பாதிப் பேருக்கு அப்படித்தானே இருக்கிறது. கல்லூரிக்குப் போகிற டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

யோசித்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருக்கப் போகிறேன்? அதற்கு முன்பே எனக்கு ஓர் இனிஷியல் பறிபோயிருந்தது.

கல்யாணத்துக்கு முன் மதுரையில் ஆராய்ச்சி செய்தேன். எனக்கும் என் கணவருக்கும் ஒரே கைடு. அவர் எனக்கு இரண்டு வருடம் சீனியர். கடினமான கணக்கைப் பையன்களுக்கும், கல்யாணத்துக்குள் முடிந்துவிடுகிற கணக்கைப் பெண்களுக்கும் கொடுப்பது எங்கள் கைடின் வழக்கம். பெரிய கணக்கு ஒன்றைக் கேட்டுப் போய் நின்றபோது, "ஒனக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பெரிய பிராப்ளம்? கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால பிஹெச்.டி.ன்னு போட்டாப் போதும்ல?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அக்கறையாகக் கேட்கிறவர்களிடம் கோபப்படவும் முடியாது, அதுதான் இதில் இருக்கிற பெரிய கொடுமை. அவரிடம் இருந்தபோது அப்பாவின் இனிஷியலோடு நான்கு கட்டுரைகள் வெளியிட்டேன்.

பிறகு கல்யாணம். இரண்டு வீடும் கத்தோலிக்க வீடு, இரண்டு வீட்டிலும் வாத்தியார்கள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டார். என் இனிஷியலை மாற்றத் தடை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நான் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியின் அலுவலகத்தில், லீவு முடிந்து போன அன்றே கிளார்க் கூப்பிட்டு அனுப்பினார். "எல்லாத்துலயும் சார் இனிஷியலுக்கு மாத்திருங்க மேடம். இல்லாட்டி பின்னாடி பி.எஃப். வாங்குறப்ப அல்லாடுவீங்க." மாற்றினேன். அன்றோடு நான்கு கட்டுரைகளை எழுதிய பெண் கணித உலகத்திலிருந்து காணாமல் போனாள். ஒரு கட்டுரைகூட எழுதாத புதுப்பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

என் கணவர் டவுனுக்குள் இருக்கும் கல்லூரியில் ஆசிரியர். நான் ஊருக்கு வெளியே, கன்னிவாடி போகிற பக்கம். என் லெம்மா அந்தப் பஸ்ஸில் கிடைத்தது.

லெம்மா என்றால், பெரிய தேற்றம் ஒன்றை நிரூபிக்கப் போகிற வழியில் நாம் நிரூபிக்கிற சின்னத் தேற்றம். சில சமயம் குழம்பை விட்டுவிட்டு அதற்கு அரைத்த மசாலாவைத் தெருவே வந்து கேட்கும் இல்லையா, அப்படிச் சில லெம்மாக்களுக்கு மவுசு வந்துவிடும். எங்கள் துறையில் கேட்கிற கேள்வி இதுதான். நிறைய ஊர்கள் இருக்கின்றன. ஊர்களுக்கு நடுவே ரோடுகள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஊரிலாவது இருக்க வேண்டும். அப்படியென்றால் குறைந்தது எத்தனை ஆஸ்பத்திரி? இதற்கு 'டாமினேஷன்' என்று பெயர், அதாவது ஆதிக்கம். தமிழ்நாட்டில் கணித ஆராய்ச்சி செய்கிற பெண்களில் நிறையப் பேர் ஆதிக்கத்தில்தான் ஆராய்ச்சி செய்கிறோம். சிரிக்க வேண்டாம், உண்மை.

மகள் வயிற்றில் ஆறு மாதம். நிற்க இடமில்லாத பஸ்ஸில், யாரோ இறக்காமல் வைத்திருந்த பூ மூட்டையில் முட்டியை ஊன்றிக்கொண்டு நின்றபோது, அதுவரை பிடிகொடுக்காத ஒரு படி சட்டென்று திறந்தது. எழுதப் பேப்பர் எடுக்கக் கை இல்லை, ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தேன், மறு கையால் வயிற்றை. கல்லூரி வரும்வரை திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. மகள் பிறந்தபோதுகூட இல்லை. தாயாக இருந்துகொண்டு இதை எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

கட்டுரை வெளியானது. ஒரு வருடத்துக்குள் எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் அந்த லெம்மாவைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு வழக்கத்தில் ஆளைச் சர்நேமால்தான் குறிப்பிடுவார்கள். ஆகவே என் லெம்மாவுக்கு என் கணவரின் பெயர் விழுந்தது. அவர் பெயர் போட்டு, பக்கத்தில் 'லெம்மா' என்று போட்டு, அதற்கு ஒரு எண்ணும் கொடுத்தார்கள். என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அவர் பெயருக்குப் பின்னால் போய் ஒதுங்கிவிட்டது. ஊரில் அவர் எனக்கு இனிஷியல். உலகத்தில் நான் அவருக்கு இனிஷியல்.

முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட, எம் பேருக்கு வந்த யோகத்தப் பாத்தியா!" என்று அவரும் சிரித்தார்.

திருத்தம் போடச் சொல்லி இதழுக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. கட்டுரையை எழுதியது நீங்கள்தானே, உங்கள் பெயர் நீங்கள் கொடுத்தபடியே இருக்கிறது, இதில் தவறு எங்கே என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்?

அடுத்த மாதம் அவருடைய கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பிரியாணிக்கடை போர்டுக்கும் கண் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கும் நடுவில், கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என் கணவர். உலகக் கணித அறிஞர்கள் போற்றும் எங்கள் பேராசிரியர் என்று எழுதி, அடியில் லெம்மாவின் பெயரையும் ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற என் மாணவி ஒருத்தி, "மேடம், சார் சூப்பர் மேடம்" என்றாள். அவளுக்கு டாமினேஷன் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"நானா வைக்கச் சொன்னேன்? இணையத்துல பாத்துட்டு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"நீங்க இல்லைன்னு சொல்லலாம்ல?"

"சொல்லலாம்தான். அம்புட்டுப் பேரு முன்னால பிரின்ஸிபாலு மூஞ்சி என்னத்துக்காகும்? விடேன். ஒம் பேருன்னா என்ன, எம் பேருன்னா என்ன, குடும்பத்துக்குத்தானே பெருமை."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது மட்டும் அவர்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் வேலை ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை, எல்லா ஊரிலும் நடப்பதுதான். எங்கள் துறையிலேயே ஒரே ஒரு இடம். எனக்கு அது வெறும் வேலையில்லை. பெண்கள் கல்லூரியில் வாரம் முழுக்க வகுப்பு, மிச்ச நேரம் விடைத்தாள், ஆண்டு விழாவுக்குக் கோலம் போடுகிற கமிட்டிக்கும் கணக்குத் துறையைத்தான் அனுப்புவார்கள், நேர்கோடு நன்றாக வரும் என்று. ஆராய்ச்சி செய்ய நேரமும் மாணவர்களும் கிடைக்கிற வழி அந்த ஒரு இடம்தான். என் வயதுக்கு இன்னொரு விளம்பரம் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. விண்ணப்பித்தேன். அவரும் விண்ணப்பித்தார்.

மாமியாருக்குத் தெரிந்ததும் அடுக்களைக்கு வந்து நின்றார்.

"ஏத்தா, புருசனும் பொண்டாட்டியும் ஒரே வேலைக்குப் போட்டி போட்டா ஊரு சிரிக்காதா? ஒரு உறையில ரெண்டு கத்தி இருக்குமா?"

"அப்ப ஒங்க மகன வேணாம்னு சொல்லச் சொல்லுங்க அத்தை."

"அவன் ஆம்பள, அவனுக்கு வேலை கூடணும். ஒனக்குத்தான் வேலை இருக்கே?" என்றார். எனக்கும் அவர் மகனுக்கும் அப்போது ஒரே பதவி, ஒரே சம்பளம். இதைச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வெஞ்சனத்துக்கு உப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேர்முகத் தேர்வு இருவருக்கும் ஒரே நாளில். ஒரே காரில் போனோம். விண்ணப்பத்தில் அவர் என் கட்டுரையைத் தன்னுடையதாகச் சேர்க்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் திருடர் இல்லை. திருடனுக்கு மாட்டிக்கொள்வோமே என்ற பயமாவது இருக்கும்.

அவரை முதலில் கூப்பிட்டார்கள். சீக்கிரமே வெளியே வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"அந்த லெம்மாவப் பத்திச் சொல்லிப் பாராட்டுனாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன்."

"சிரிச்சேன்னா?"

"சிரிச்சேன்னா சிரிச்சேன்தான். உள்ள போ, கூப்புடுறாங்க."

உள்ளே நான்கு ஆண்கள், ஒரு பெண். நடுவில் தலைவர். அவர் என் பழைய கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த இனிஷியல்ல இருக்கிறது யாரும்மா?" என்றார். நான்தான், அது என் அப்பா இனிஷியல் என்றேன். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு தாசில்தார் சர்டிபிகேட் வச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை. நான்கு கட்டுரைகளையும் எடுத்து ஒதுக்கி வைத்தார். நான் நான்தான் என்பது எனக்குத் தெரிந்தால் போதுமா, தாசில்தாருக்குத் தெரிய வேண்டாமா?

பிறகு லெம்மா.

"இத எல்லாரும் சார் பேர்லதான சொல்றாங்க?"

"அது சர்நேம் சார். எழுதுனது நான்."

"ரெண்டு பேரும் சேந்து பண்ணதா?"

"இல்ல சார். நான் மட்டுந்தான்."

"சார் ஒரு ஹெல்ப்பும் பண்ணலையா?" என்று கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். சிரித்தார்கள்.

"பண்ணாங்க சார். சில ஞாயித்துக்கிழமை பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டாங்க" என்றேன். இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிள்ளை என்றதும் அந்தப் பெண் பேராசிரியர் தலை நிமிர்ந்தார். என்னைக் காப்பாற்றப் போகிறார் என்று நினைத்தேன். "சின்னப் பிள்ளையா? வேலை கிடைச்சா யாரு பாத்துப்பா?" என்று கேட்டார். அதே பிள்ளைதான் பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கும். அவரிடம் அந்தக் கேள்வி வரவில்லை. அந்த அம்மாவும் இதே கேள்விக்குப் பதில் சொல்லித்தான் அந்த நாற்காலிக்கு வந்திருப்பார். சொன்ன பதிலுக்கு எங்களிடம் வட்டி வசூலிக்கிறார் போல.

கடைசியில் தலைவர், "சரி, நிரூபணம் தெரியுமா? போர்டுல போடுங்க பாப்போம்" என்றார்.

போட்டேன். குறிப்பு எதுவும் பார்க்கவில்லை. பஸ்ஸில் திறந்த அந்தப் படிக்கு வந்தபோது வேகத்தைக் குறைத்து, ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக எழுதினேன். அதை அவர்கள் பார்க்க வேண்டும், அதன் அழகு அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்ற ஆசையில். இத்தனைக்குப் பிறகும் அப்படி ஓர் ஆசை எனக்கு இருந்ததை நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது. கடைசி வரியை எழுதி முடித்துத் திரும்பினேன்.

"வெரி குட்" என்றார் தலைவர். "நல்லா மனப்பாடம் பண்ணிருக்கீங்க. சார் நல்லா டிரெயினிங் குடுத்திருக்கார்."

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. மாமியார் கடையிலிருந்து பிரியாணி வாங்கிவரச் சொன்னார். கோவிலில் நன்றிப் பூசைக்கும் சொல்லியிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் பரிமாறினேன். "பொறாமப்படாம இருக்கியே, அதுதான்டி பொம்பளைக்கு அழகு" என்றார் என் சொந்தச் சித்தி, எலும்பைக் கடித்துக்கொண்டே. பொறாமை எதற்கு? என் பொருளைப் பார்த்து எனக்கே எப்படிப் பொறாமை வரும்? எனக்கு வந்தது வேறு. அந்த வீட்டுச் சட்டிபானை எல்லாவற்றையும் தெருவில் எறிய வேண்டும் என்று வந்தது.

வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில், அவருடைய புகழ்பெற்ற லெம்மாவைப் பற்றி எல்லோர் முன்னிலும் அவர் ஒரு சொற்பொழிவு செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் ஏற்பாடு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டாம் பக்கத்தில் சிக்கிக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் இப்படி உக்காரு. நாளைக்கு இதப் பேசணும். இது என்ன இம்புட்டு நீளமா இழுத்து வச்சிருக்க? சுருக்கமா ஒண்ணும் கெடையாதா?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. யோசித்துச் செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

"சுருக்கமா ஒண்ணு இருக்கு. கட்டுரையில போடல" என்றேன்.

"பேப்பர்லயே இல்லாததா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு!" அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

அந்த லெம்மாவுக்கு நான் முதன்முதலில் எழுதிய நிரூபணம் அது. ஒரே பக்கம், படிக்க இனிமையாக இருக்கும். தப்பு. அதன் ஐந்தாவது வரியில், ஏதாவது ஓர் ஊரை எடுத்துவிட்டாலும் மிச்ச ஊர்கள் ஒன்றோடொன்று ரோட்டுத் தொடர்பில் இருக்கும் என்று சும்மா எடுத்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கும்? நடுவில் இருக்கிற செம்பட்டியை எடுத்துவிட்டால் வத்தலக்குண்டுக்காரன் அந்த ரோட்டில் பழனிக்கு எப்படிப் போவான்? தப்பு தெரிந்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் சரியானதைத் தேடி ஒரு வருடம் அலைந்தேன். அந்தத் தப்பை இப்போது அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறைக்கு இருமுறை எழுதிப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாவது வரியில் ஒரு கணமும் தயங்காமல் அவர் தாண்டிப் போனார். நல்ல மாணவர்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சொற்பொழிவுக்குப் போனேன். முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். வெற்றி பெற்ற ஒவ்வோர் ஆணுக்கும் பின்னால் என்று ஆரம்பித்து எனக்கு ஒரு சால்வையும் போட்டார்கள். அரங்கத்தில் பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், என்னை நேர்காணல் செய்த தலைவர், அந்த அம்மா, எல்லோரும் இருந்தார்கள். அவர் ஐந்தாவது வரியை எழுதினார். இப்போது யாராவது கை தூக்குவார்கள் என்று காத்திருந்தேன். இத்தனை பேர் இருக்கிறார்கள், பத்து வருடம் பாடம் நடத்தியவர்கள், ஒருத்தருக்காவது உறுத்தாதா? ஆறாவது வரி வந்தது. ஏழாவதும் வந்தது. முடித்தார். கைதட்டினார்கள். என் சரியான நிரூபணத்துக்கு 'மனப்பாடம்' என்று சொன்ன தலைவர், எழுந்து நின்று தட்டினார்.

நானே கை தூக்கினேன்.

"அந்த அஞ்சாவது வரியில, ஒரு ஊர எடுத்தா மிச்சது ரெண்டாப் பிரிஞ்சு போகலாம்ல? அப்ப நிரூபணம் நிக்காதே."

என் கணவர் போர்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தலைவர்தான் மைக்கை வாங்கினார்.

"அம்மா, வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சுக்கக் கூடாதா?"

கூரை இடிகிற மாதிரி சிரித்தார்கள். சால்வை போட்டவரும் சிரித்தார், அந்த அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என் கணவருக்குத் தெம்பு திரும்பிவிட்டது.

"நல்ல சந்தேகம்தான்" என்றார் என்னைப் பார்த்து. "சாயங்காலம் வீட்டுல வெளக்கமாச் சொல்லித்தாரேன்."

மறுபடியும் கைதட்டல். தலைவர் நன்றியுரையில், மூல நிரூபணத்தைவிட எளிமையான இந்தப் புதிய நிரூபணத்தைப் பல்கலைக்கழகப் பாடத்திலேயே சேர்க்கப்போவதாக அறிவித்தார். சேர்த்தும்விட்டார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது அதைத்தான் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அந்தத் தப்பு நான் போட்டது. அதற்கும் அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.